கடைசி லோரிக்கு முன்னால்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கோத்தா திங்கியில் தொடக்கக் கோட்டில் நின்றபோது என் முன்னால் நூற்றுப் பதினேழு தலைக்கவசங்கள் இருந்தன. பின்னால் ஆறு. அந்த ஆறு பேருக்கும் பின்னால், மஞ்சள் விளக்கு சுழல, ஒரு லோரி உறுமிக்கொண்டிருந்தது. நூற்றுப் பதினேழு பேரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்த ஒரே லோரியைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

சைக்கிள் பந்தயங்களில் இப்படி ஒரு வண்டி கடைசியாக வரும். மணிக்கு இருபத்து மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துவரும். அது யாரைப் பிடிக்கிறதோ அவருக்குப் பந்தயம் அங்கேயே முடிந்தது. ஆளையும் சைக்கிளையும் தூக்கி ஏற்றிக்கொள்வார்கள். நான் இரண்டு முறை ஏறியிருக்கிறேன். முதல் தடவை நாற்பத்தோராவது கிலோமீட்டரில், அடுத்த தடவை நாற்பத்தெட்டில். ஏழு கிலோமீட்டர் முன்னேற்றம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

"மூணாவது தடவையும் லோரியிலதான் வருவீங்கன்னா அந்தச் சைக்கிள வித்துடுங்க. அந்த எடத்துல நான் கண்ணாடி அலமாரி வைக்கிறேன்" என்றாள் என் மனைவி. பந்தயச் சைக்கிள் எங்கள் கூடத்துச் சுவரில் இரண்டு ஆணிகளில் தொங்குகிறது. அவள் நாடா வைத்து அந்த இடத்தை அளந்தாள். ஐந்தடி ஏழு அங்குலம். அவள் போன பிறகு நானும் அளந்தேன். ஐந்தடி ஏழு அங்குலம்தான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

எனக்கு வயது அறுபத்து நான்கு. முப்பத்தோரு ஆண்டுகள் ஜொகூர் பாருவில் ஒரு கட்டுமான அலுவலகத்தில், வரைபடங்களைப் பார்த்து எத்தனை செங்கல், எத்தனை கதவு, எத்தனை சன்னல் என்று எண்ணிச் சொல்வதே என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. எண்ணுவதற்குத்தான் எதுவும் இல்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. மருத்துவர் நடக்கச் சொன்னார், நான் சைக்கிள் வாங்கினேன். அப்படியே ஒரு பல் கட்டும் கூடத்தில் கொரியர் வேலையும் கிடைத்தது. கூடத்தை நடத்துபவர் ஒரு சீன அம்மா. எட்டு கிளினிக்குகளிலிருந்து நோயாளிகளின் பல் அச்சுகளை எடுத்து வந்து கூடத்தில் கொடுப்பேன். அங்கே செய்த பற்களைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். சிங்கப்பூர் பாலத்தை நோக்கிக் கார்கள் அசையாமல் நிற்கும் நேரத்தில் என் சைக்கிள் மட்டும் ஓரமாகப் போய்க்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு இருபத்தாறு கிலோமீட்டர், பதினான்கு வேகத்தடைகள், மூன்று நாய்கள். மூன்றில் ஒன்றுதான் கெட்டது.

வேலைக்கு ஒரே விதி: பற்கள் குலுங்கக் கூடாது. மெழுகில் நிற்கும் பல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வாயில் பொருந்தாது. அதனால் வேகத்தடை வந்தால் இருக்கையிலிருந்து எழுந்துகொள்வேன். பிரேக்கைச் சீக்கிரமாகவும் மெதுவாகவும் பிடிப்பேன். மிதியை வெட்டி வெட்டி மிதிக்க மாட்டேன். நிமிடத்துக்கு எழுபது சுற்று, சொட்டுநீர் மாதிரி ஒரே சீராக. வாரம் முழுவதும் இப்படி அடக்கி வைத்த வேகத்தையெல்லாம் பந்தயத்தன்று முதல் பத்து கிலோமீட்டரில் கொட்டிவிடுவேன். பிறகு நடந்ததுதான் இரண்டு முறை லோரி.

இன்னொரு தொல்லையும் இருந்தது. பந்தயங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். ஜொகூரில் எங்களுக்கோ வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறு வாரத்தின் முதல் வேலைநாள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் அந்த அம்மாவிடம் விடுப்புக் கேட்டு நிற்க வேண்டும். அதனால் விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறப்போகிறது என்று அறிவித்தபோது இந்த மாநிலத்திலேயே அதிகம் மகிழ்ந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பற்கள் எந்த நாள் வேண்டும் என்பதைப் பெட்டியின் மூடியில் கிளினிக்காரர்களே ஒரு வட்டத்துக்குள் எண்ணாக எழுதி அனுப்புவார்கள். ஒன்று என்றால் முதல் வேலைநாள், இரண்டு என்றால் அடுத்தது. இதுவரை ஒன்று என்றால் ஞாயிறு. இனி ஒன்று என்றால் திங்கள். குழப்பம் வரக் கூடாது என்று நானே கோடு போட்டு ஓர் அட்டவணை தயாரித்து, புதிய வாரம் தொடங்குவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை எட்டு கிளினிக்குகளுக்கும் கொண்டுபோனேன். ஏழில் ஒட்டினேன். எட்டாவது கிளினிக் வெள்ளிக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று திரும்பினேன். எட்டில் ஏழு போதும் என்று வாழ்க்கையில் அந்த ஒரே நாள்தான் நினைத்தேன்.

முதல் இரண்டு வாரமும் அந்தக் கிளினிக்கிலிருந்து பெட்டியே வரவில்லை, நானும் மறந்துபோனேன். மூன்றாவது வாரம் பந்தயம். விடுப்புக் கேட்காமல் போகும் முதல் பந்தயம். பெக்கோக்கில் பிறந்து வளர்ந்த என் பந்தயக் கூட்டாளி, என்னைவிட ஆறு வயது இளையவர், தம் மருமகனின் வேனில் என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் கேலிதான். "அண்ணே, லோரில ஒங்களுக்குன்னு நாற்காலி போட்டிருக்காங்களாம். மெத்த வேற வச்சிருக்காங்களாம்" என்றார். நான் மடியில் வேலைப் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய ஒரு பெட்டி அதில் இருந்தது. அடுத்தவர் பற்களை வீட்டில் விட்டுவிட்டு வருவது எனக்கு ஒத்துவராது. வீட்டில் பூனை இருக்கிறது.

கோத்தா திங்கியில் சைக்கிளை இறக்கும்போது, ஏழு மணி நான்கு நிமிடத்துக்குக் கைப்பேசி அடித்தது. எட்டாவது கிளினிக்கின் தாதி.

"அங்கிள், எத்தன மணிக்கு வருவீங்க?"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கெல்லாம் கொண்டாந்துடறேன்மா."

"நாளைக்கா? மூடியில ஒன்னுன்னுதான போட்டிருக்கேன். நாங்க வெள்ளிதான் அடைக்கிறோம். எங்களுக்கு இன்னைக்குத்தான் அங்கிள் ஒன்னு."

அப்புறம் அவள் நிலைமையைச் சொன்னாள். நோயாளி ஒரு சீனத் தாத்தா. முன்பற்கள் நான்கும் இல்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் அவருடைய ஐந்து பிள்ளைகளும் ஒரே நாளில் விடுமுறை எடுத்து வந்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குக் குடும்பமாகப் படம் எடுக்கிறார்கள். சாயங்காலம் எல்லோரும் பாலம் தாண்டிவிடுவார்கள். அவர் பதினொரு மணிக்குப் பல் பொருத்திக்கொள்ள வருகிறார்.

என் மூளை வழக்கம்போல் எண்ணத் தொடங்கியது. பந்தயத் தூரம் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். செம்பனைத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு போய் உலு திராமில் முடிகிறது. அங்கிருந்து கிளினிக் இருபத்தொரு கிலோமீட்டர். வேனில் திருப்பி அனுப்பலாம் என்றால், கடைசி லோரி போகும்வரை சாலை மூடியிருக்கும். இன்னொரு சாலை முந்திய வாரத்து வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. அந்தக் காலை அந்தச் சாலையில் முன்னால் போகக்கூடியவை சைக்கிள்கள் மட்டுமே. லோரி என்னைப் பிடித்தால் எல்லோரையும் இறக்கி முடிக்க மதியமாகிவிடும், இரண்டு முறை அனுபவித்தவன் நான். லோரிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால்தான் தாத்தாவுக்குப் பல். எனக்குச் சைக்கிள்.

"கொண்டாறேன்மா" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

பெட்டியைச் சிறு துண்டில் மூன்று சுற்றுச் சுற்றி, சட்டையின் முதுகுப் பையில் நடுவில் வைத்தேன். வேலைப் பையை வேனில் போட்டேன். ஏழே காலுக்குக் கொம்பு ஊதினார்கள்.

நூற்றுப் பதினேழு பேரும் பறந்தார்கள். என் கூட்டாளி கண்ணுக்கு மறைந்தார். எனக்கும் கால் துறுதுறுத்தது. ஒரே ஒரு தரம் எழுந்து அழுத்தி மிதித்தேன். முதுகுத்தண்டில் பெட்டி டக்கென்று இடித்தது. உடனே உட்கார்ந்துவிட்டேன். பற்கள் குலுங்கக் கூடாது. நிமிடத்துக்கு எண்பத்து நான்கு சுற்று என்று முடிவு செய்துகொண்டு எண்ண ஆரம்பித்தேன். அது என் வேலை வேகத்தைவிடப் பதினான்கு அதிகம். ஆனால் அதே சீர். மேடு வந்தால் கியரை இறக்கி எண்பத்து நான்கு. இறக்கம் வந்தாலும் எண்பத்து நான்கு. பள்ளம் வந்தால் எழுந்து, முழங்காலை மடக்கி, பூப்போல இறங்கினேன். இருபதாவது கிலோமீட்டரில் என் பின்னால் ஆறு பேர் அப்படியே இருந்தார்கள். முப்பதில், ஆரம்பத்தில் பறந்தவர்களில் ஒன்பது பேரை முந்தியிருந்தேன். எப்படி முந்தினேன் என்று புரியவில்லை. நான் வேகம் கூட்டவே இல்லை.

நாற்பத்தோராவது கிலோமீட்டர் வந்தது. முதல் முறை என்னை ஏற்றிய இடம், சாய்ந்த கல்லுக்குப் பக்கத்தில் இருந்த அதே செம்பனை. கடந்தேன். நாற்பத்தெட்டு வந்தது, அதையும் கடந்தேன். இதற்கப்பால் சைக்கிளில் நான் பார்த்திராத சாலை. ஈரத் தார் பளபளத்தது, ஓரத்துக் கால்வாயில் மழைத்தண்ணீர் என்னோடு சேர்ந்து ஓடியது. எனக்குச் சத்தமாகச் சிரிக்கத் தோன்றியது. சிரித்தேன். எண்ணிக்கை தப்பியது. திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

ஐம்பத்து மூன்றில், கடைசி மேட்டின் அடியில், ஒலிபெருக்கி கேட்டது. லோரியில் இருந்த இளைஞன் பின்தங்கியவர்களை மலாயில் அழைத்துக்கொண்டே வருவான். இரண்டு முறை எனக்கு நன்றாகப் பழக்கமான குரல்.

"பாக்சிக், நாயிக் லா. பெனாட் சூடா."

பெரியவரே, ஏறுங்கள், களைத்துப்போய்விட்டீர்கள் என்கிறான். எனக்கு முன்னால் மூன்று பேர் திணறிக்கொண்டு போனார்கள். பின்னால் இரண்டு பேர். மற்றவர்களில் நான்கு பேரை லோரி ஏற்கெனவே ஏற்றியிருந்தது, மீதிப் பேர் இடையில் என்னை மறுபடி முந்திப் போயிருந்தார்கள். பின்னால் இருந்தவர்களில் ஒருவர் காலைக் கீழே ஊன்றிவிட்டார். லோரி நின்றது. ஓர் ஆளையும் சைக்கிளையும் ஏற்ற எழுபது விநாடி ஆகும். ஏறியவனுக்குத்தான் அது தெரியும். எழுபது விநாடியில் அந்த மேட்டில் முந்நூறு மீட்டர் போகலாம். இன்னொருவரும் நின்றார். இன்னொரு எழுபது. அடுத்தவர் தோற்பதில் இப்படி மகிழ்வது அசிங்கம் என்று தெரிந்தும் மகிழ்ந்தேன். அன்று மொத்தம் ஆறு பேர் ஏறினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஏழு நிமிடம். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மேட்டின் உச்சியில் அந்த மூன்று பேரையும் தாண்டினேன். இறக்கத்தில் ஒலிபெருக்கி மறுபடி நெருங்கியது. அப்போது முதல் முறையாக எண்ணுவதை விட்டேன். எழுந்து நிற்கவில்லை, வெட்டி மிதிக்கவில்லை, ஆனால் காலில் இருந்ததையெல்லாம் சீராகவே கொடுத்தேன். உலு திராம் கடைகள் தெரிந்தன. கொடிகள், கூடாரம், கோடு. கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்தொன்று.

பதக்கம் வைத்திருந்த பெண் கையை நீட்டினாள். நான் நிற்கவில்லை. நடைபாதையில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த என் கூட்டாளி பாதி எழுந்தார். "அண்ணே, முடிஞ்சிருச்சுண்ணே, நில்லுங்க" என்ற குரல் பின்னால் வந்தது. என்னைப் பார்த்தவர்கள் கிழவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். முதுகில் பந்தய எண்ணோடு, வாயைத் திறந்துகொண்டு, நேராக ஜொகூர் பாருவை நோக்கிப் போனேன்.

அதன் பிறகு அது பந்தயமில்லை, வேலை. பத்தொன்பது சமிக்ஞை விளக்குகள், பதினொன்று சிவப்பு. பதினொன்றிலும் நின்றேன். எந்தச் சந்தில் திரும்பினால் கார்களைத் தவிர்க்கலாம் என்று என் சைக்கிளுக்கே தெரியும். அந்த மூன்று நாய்களில் கெட்டது மட்டும் வெளியே நின்றது. என் கோலத்தைப் பார்த்து அதுவே ஒதுங்கிவிட்டது.

பத்து ஐம்பத்து மூன்றுக்குப் பெட்டியைத் தாதியின் கையில் கொடுத்தேன். துண்டு நனைந்திருந்தது. பெட்டி காய்ந்திருந்தது. தேய்த்த வெள்ளைச் சட்டையில் தாத்தா உதட்டை இறுக்கி மூடியபடி காத்திருந்தார். அரை மணி நேரத்தில் உள்ளிருந்து வந்தார். என் முதுகு எண்ணைக் காட்டி ஏதோ கேட்டார், பல் பழகாததால் சொல் வழுக்கியது. பிறகு பேச்சை விட்டுவிட்டுச் சிரித்துக் காட்டினார். நான்கும் இருந்தன. ஒன்றும் நகரவில்லை. தாதியிடம், இனிமேல் மூடியில் எண் வேண்டாம், நாளின் பெயரை முழுசாக எழுதும்மா என்று கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனேன். மிதிக்கக் காலில் ஒன்றுமில்லை. வாசலில் மனைவி என் கழுத்தைப் பார்த்தாள். பதக்கம் இல்லை. வேனும் இல்லை.

"லோரியா?" என்றாள்.

இல்லை என்றேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எழுபது விநாடிக் கணக்கு வரை சொன்னேன். பொய்யானால் எண்கள் பத்து, இருபது என்று முழுசாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்தான். ஆனாலும் ஆதாரம் என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அப்போது என் கைப்பேசி அடித்தது. அவள்தான் எடுத்தாள். பந்தயம் நடத்தியவர்கள். என் கணுக்காலில் கட்டியிருந்த நேரம் பதியும் சிப்பை நான் கழற்றிக் கொடுக்காமல் போய்விட்டேன், திருப்பித் தர வேண்டும் என்றார்கள். குனிந்து பார்த்தேன். காலுறைக்கு மேல் கறுப்பாக அது இருந்தது. மனைவி அவர்களிடம் மலாயில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: இந்த ஆள் லோரியில் வந்தாரா, சைக்கிளில் வந்தாரா? பதிலைக் கேட்டு என் பக்கம் திரும்பாமலே, "ஒம்பது அம்பத்தொன்னாம்" என்றாள்.

நான் சைக்கிளைத் துடைத்து இரண்டு ஆணிகளிலும் மாட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் நாடாவோடு சமையலறை வாசலில் நின்று எதிர்ச்சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் நாலு அங்குலம் கம்மியா இருக்கு" என்றாள். "சின்ன அலமாரியாத்தான் பாக்கணும். அந்த முனையப் பிடிங்க."

பிடித்தேன். ஐந்தடி மூன்று அங்குலம். சரியாகத்தான் அளந்திருந்தாள்.