எதிர் நாற்காலி

பாரிஸுக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது குளிரல்ல, காலி நாற்காலி. நான் வேலை பார்க்கும் ஓட்டலில் காலைப் பலகாரத்துக்கு வருகிறவர் நாலு பேருக்கான மேசையில் தனியாக உட்கார்ந்து ரொட்டியைக் கிள்ளுவார். இன்னொருவர் இடமில்லாமல் வாசலில் நிற்பார். நின்றாலும் நிற்பாரே தவிர, எதிரில் போய் உட்கார மாட்டார்.

புதுச்சேரியை அடுத்த என் ஊரான வில்லியனூரில், தேரடி ஓட்டலில் நான் பரிமாறிய காலத்தில் காலி நாற்காலி என்ற பேச்சே கிடையாது. மாதா கோயில் திருவிழாவன்று பூசை முடிந்ததும் கூட்டம் மொத்தமாக உள்ளே வரும். முன்பின் தெரியாதவர்கள் தோளை இடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். "இன்னாபா, சாம்பார் கேட்டு எவ்ளோ நேரம்?" என்று ஒருவர் கத்துவார். "எனக்கு இன்னா நாலு கையா கீது?" என்று நானும் எரிந்து விழுவேன். கேட்டவரே எழுந்து வாளியை வாங்கி, பக்கத்து இலைக்கும் சேர்த்து ஊற்றிவிடுவார். கை கழுவும்போதே கோபமும் போய்விடும்.

பாரிஸில் பரிமாறுகிறவன் கோபப்படக் கூடாது. கூட வேலை செய்த இருவர் நின்றுவிட, கூடம் முழுவதும் என் தலையில் விழுந்தது. ஓடி ஓடி, சிரிப்பதே மறந்துபோயிற்று. சிடுமூஞ்சி என்று ஏற்கெனவே ஒரு புகார். இன்னொன்று வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று பத்ரோன், அதாவது முதலாளி, சொல்லியிருந்தார். ஊரிலிருந்து மனைவி செலினை வரவழைக்க அந்த வேலையைத்தான் நம்பியிருந்தேன்.

அன்று ஒருவர் பெட்டியும் கையுமாக நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பில் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. தினமும் தனியாக உட்காரும் வயதான மதாமின் எதிர் நாற்காலியை இழுத்து, பெட்டிக்காரரை அதில் உட்கார வைத்தேன்.

"இந்த முஸ்யேவை எனக்குத் தெரியாதே," என்றார் மதாம்.

"எனக்கும்தான் தெரியாது, மதாம்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

பத்ரோன் வந்து நின்றார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

பெட்டிக்காரரோ என் கையிலிருந்த காபிக் கூஜாவை வாங்கி, முதலில் மதாமுக்கு ஊற்றினார். மதாம் அதை ஒரு வாய் குடித்துவிட்டு பத்ரோன் பக்கம் திரும்பினார்.

"ஒரே ஆளை இப்படி ஓடவிட்டால் அவர் எப்படிச் சிரிப்பார்?"

அடுத்த வாரமே உதவிக்கு ஆள் வந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. சிரிப்பு திரும்பியது, சில மாதங்களில் செலினும் வந்து சேர்ந்தாள்.

போன விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். திருவிழாவன்று அதே தேரடி ஓட்டலில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, யாரோ ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்து என் டம்ளரைத் தள்ளி வைத்தார். என் முகம் சுருங்கிவிட்டது. சாம்பார் வரவில்லையே என்று பரிமாறுகிறவரிடம் சிடுசிடுத்தேன்.

"எனக்கு இன்னா நாலு கையா சார் கீது?"

சிரித்துவிட்டேன். எழுந்து வாளியை வாங்கி எதிர் இலைக்கு ஊற்றினேன். கை வில்லியனூர்க் கைதான். வாய்தான், "பார்தோன், முஸ்யே," என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டது.