ரோமனின் மேலுதடு

கொதிநீரில் முக்கியெடுத்த துண்டை இரண்டு கைகள் முறுக்கிப் பிழிந்தன. சூடு பொறுக்குமா என்று முதலில் மணிக்கட்டில் ஒற்றிப் பார்த்தன. பிறகு நாற்காலியில் சாய்ந்திருந்தவனின் மூக்குக்குக் கீழே துண்டை மெல்லப் படிய வைத்தன. பால் கறந்தும் மாவு பிசைந்தும் குளிர்காலந்தோறும் அறுத்த பன்றியின் மயிரைச் சுரண்டியும் காய்த்துப்போன கைகள்.

"இது மூணாவது துண்டு," என்றான் ரோமன், துணிக்கு அடியிலிருந்து.

"பேசாம இரு," என்றாள் அவன் மனைவி வெர்னா.

வசந்த காலத்தில் ரோமனின் இதயத்தில் ஒரு வால்வை மாற்றியிருந்தார்கள். வால்வுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்காக அவன் தினமும் விழுங்கும் மாத்திரை இரத்தத்தைத் தண்ணீராக்கி வைத்திருந்தது. முள் கீறினாலும் சட்டென்று நிற்காது. போன சபைக் கூட்டத்தன்று அவன் வழக்கம்போல மேலுதட்டைத் தானே சவரம் செய்துகொண்டு போனான். ஆண்கள் இரண்டாம் பாட்டை இழுத்துப் பாடிக்கொண்டிருந்தபோது, பெண்கள் பெஞ்சிலிருந்த வெர்னா அவன் நரைத்த தாடியில் ஒரு சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். அது அகலமாகிக்கொண்டே போனது. அவர்கள் சபையில் யாரும் கார் வைத்துக்கொள்வதில்லை; வெளியாள் ஒருவருடைய வேனை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் பக்கத்து பெஞ்சுக்காரர்களின் கைக்குட்டைகளெல்லாம் நனைந்துவிட்டன. சின்ன வெட்டுதான் என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றிலிருந்து வெர்னா ரேசரை அவன் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிட்டாள்.

இன்று சபையில் திருவிருந்து: அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்து, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் காலைக் கழுவி முத்தமிட்டுக்கொள்ளும் நாள். இலையுதிர்காலத்துக்கு ஒன்று, வசந்தத்துக்கு ஒன்று. அதை விட்டால் இல்லை. மீசையோடு அங்கே போய் உட்கார முடியாது. கல்யாணமானவனுக்குத் தாடி வேண்டும், மீசை கூடாது என்பது சபை விதி; மீசை பட்டாளத்துக்காரர்களுடையது, இவர்களோ ஆயுதம் தொடாதவர்கள். முளைத்திருந்த மீசையைத் தடவிப் பார்த்த ரோமன், இதோடு போவதற்கு வீட்டிலேயே கிடக்கலாம் என்று சொல்லிவிட்டான். அவன் தம்பி அய்வன் பேட்டரியில் ஓடும் சவர எந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தான். அது முடியை வெட்டியதைவிடப் பிடுங்கியதுதான் அதிகம். மாட்டுக்கு மயிர் வெட்டுகிற சாமானை என் மூஞ்சியில் வைக்காதே என்று ரோமன் கத்தினான். தோலில் புள்ளி புள்ளியாகச் சிவப்பு எழும்பியதைக் கண்டு வெர்னாவே அதைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தாள். "நான் செஞ்சு விடறேன்," என்று சொல்லியும் விட்டாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

ரேசர் ரோமனின் அப்பாவுடையது. பித்தளை உடம்பு, நிக்கல் பூச்சு தேய்ந்திருந்தது. இரட்டைக் கூர் பிளேடு அதில் சேராது. ஒரு பக்கம் மட்டும் கூரும், மறு பக்கம் தடித்த முதுகுமாக இருக்கும் பிளேடுதான். மூடியைத் தூக்கி, பிளேடைச் சொருகி மூடினால் பூட்டிக்கொள்ளும். நேற்று வெர்னா அதை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவைச் சாத்தினாள். கையில் சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை, கையில் உதட்டின் வளைவு இல்லை. எனவே தன் மேலுதட்டிலேயே நுரையைப் பூசி, ரேசரை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

ரொட்டி கொண்டுவந்த டெலைலா கதவைத் திறந்தது அப்போதுதான். ரோமனின் தங்கை, பக்கத்து வீட்டு விதவை. வெள்ளை மீசையோடு நின்றவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன வெர்னா, நாளைக்கு நீதான் பிரசங்கமா?"

வெர்னாவால் சிரிக்க முடியவில்லை. உதட்டின் இடது ஓரத்தில் நுரை சிவந்துகொண்டிருந்தது. டெலைலா அவள் மணிக்கட்டைப் பிடித்து, பன்றியைச் சுரண்டுகிற மாதிரி அழுத்துகிறாய், ரேசரின் கனமே போதும் என்றாள். நோயில் கிடந்த கணவன் சாகும்வரை அவனுக்குச் சவரம் செய்துவிட்டவள் அவள். வெர்னா அழுத்தாமல் இழுத்தாள். அதே இடத்தில் மறுபடியும் இரத்தம்.

அழுத்தம் இல்லையென்றால் வேறென்ன? வெர்னா ரேசரை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். பிளேடின் ஒரு மூலை மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் அந்த மூலைக்கு அடியில் வருஷக்கணக்கான சோப்பு கல்லாக இறுகியிருந்தது. வினிகரில் ஊறவைத்து, கோழி இறகின் காம்பால் சுரண்டி எடுத்தாள். அதன்பின் பிளேடின் இரண்டு மூலைகளும் ஒன்றுபோல உட்கார்ந்தன. மூன்றாம் முறை இரத்தம் வரவில்லை. அண்ணன் கை நடுங்கித்தான் வெட்டிக்கொண்டான் என்று ஊரெல்லாம் சொன்னோமே என்று டெலைலா முணுமுணுத்தாள்.

இருந்தாலும், அது தன் உதடு. தன் இரத்தம் தானாக நிற்கும்.

வெர்னா இப்போது துண்டை எடுத்துவிட்டு நுரையைக் குழைத்துப் பூசினாள். ரேசரின் மூடியைத் தோலின்மேல் தட்டையாகப் படுக்கவைத்தாள். கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். பிளேடு முடியைத் தொட்டதும், வைக்கோலுக்குள் எலி ஓடுவதுபோல் ஒரு சரசரப்பு கேட்டது. அந்தச் சத்தம் நிற்காத சாய்விலேயே கையை நிறுத்தி, அரிசி நீளத்துக்கு இழுத்தாள். எடுத்தாள். பார்த்தாள். மறுபடி வைத்தாள். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கமும் முடிந்தது. மூக்குக்கு நேர்கீழே ரேசரின் தடித்த தலை நுழையவில்லை. மூக்கு நுனியை விரலால் மேலே தள்ளி, பக்கவாட்டில் கொண்டுபோனாள்.

மூக்கு துடித்தது.

அவள் கையைப் பின்னுக்கு இழுப்பதற்கும் அவன் தும்முவதற்கும் நடுவே ஒரு மூச்சுகூட இல்லை. நுரை பறந்து, சபைப் பெண்கள் தலையை மூடிக்கொள்ளும் அவளுடைய வெள்ளைத் தொப்பியில் அப்பியது. ரோமன் சிரிக்க ஆரம்பித்தான். வெர்னா ரேசரை வாளியின் விளிம்பில் வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். இதற்குமேல் முடியாது, மிச்சத்தை விட்டுவிடலாம், யார் மூக்குக்குக் கீழே குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்றாள்.

ரோமன் சிரிப்பை நிறுத்தினான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றான். "அன்னைக்குப் பாட்டு நடுவுல வாயில உப்புக் கரிச்சுது. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நெனச்சேன். உன்னைத் தேடினேன், உன் முகம் தெரியல. இன்னைக்கு நீ பக்கத்துல நிக்கற. முடிச்சுடு."

அவள் தொப்பியைத் துடைக்கவில்லை. புதிதாக நுரை பூசினாள். இந்த முறை அவன் மூக்கை அவனே பிடித்துக்கொண்டான், மூச்சையும் சேர்த்து. மூடி படுத்தது, கைப்பிடி சாய்ந்தது, சரசரப்பு கேட்டது. வெர்னா உள்ளுக்குள் எதையோ ஜெபித்தாள், என்ன வார்த்தைகள் என்று அவளுக்கே தெரியாது. கடைசி இழுப்பு முடிந்தபோது அவன் முகம் மூச்சடக்கிச் சிவந்திருந்தது.

குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றினாள். எடுத்துப் பார்த்தாள். மறுபடி ஒற்றினாள். வாசலில் அய்வனின் குதிரை வண்டி வந்து நின்றது, குதிரை காலை மாற்றி மாற்றித் தட்டியது. வெர்னா அவசரப்படவில்லை. நாற்காலிக்கு முன்னால் முட்டிபோட்டு, அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரிகிறதா என்று கேட்டாள். இல்லை, குளிருகிறது என்றான். எங்கேயும் சிவக்கவில்லை.

அய்வன் உள்ளே வந்தான். அண்ணனின் முகத்தைக் குனிந்து பார்த்தான்.

"கால் கழுவி முடிச்சதும் முத்தம் குடுக்க எல்லாரும் உன் பக்கந்தான் வருவாங்க போல," என்றான்.

வெர்னா ரோமனை எழுப்பி நிறுத்தினாள். பொத்தான் இல்லாத சபைக் கோட்டின் கொக்கிகளை மாட்டிவிட்டாள். வாசற்படிவரை தானே நடத்திக்கொண்டு வந்து, அவன் முழங்கையை, ஆண்கள் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்காரப்போகும் அய்வனின் கையில் பிடித்துக் கொடுத்தாள்.