பன்னிரண்டு குழாயிலும் நீலம்

மெகராஜ் பேகத்தை அழவைப்பது சுலபம். அடக்கிவைப்பதுதான் யாராலும் முடியாதது.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவள் உதவியாளர். 1991-ல் பேராசிரியர் சோலைராஜ், செண்பகத்தோப்புக் காட்டிலிருந்து பன்னிரண்டு வகை இலைகளைக் கொண்டுவந்தார். சோற்றிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது எச்சிலில் இருக்கும் நொதி. அதை எந்த இலை தடுக்கும் என்று கண்டுபிடித்தால் நீரிழிவை முளையிலேயே கிள்ளலாம். மாவுக் கரைசலில் அயோடின் விட்டால் நீலமாகும். நொதி மாவைத் தின்றுவிட்டால் நீலம் வராது. இலைச்சாறு நொதியைக் கட்டிப்போட்டால் நீலம் நிற்கும்.

பன்னிரண்டு குழாயிலும் நீலம் நின்றது!

சோலைராஜ் துள்ளிக் குதித்தார். மெகராஜ் ஒரு பை இலையை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் கணவர் அபுதாஹிருக்கு ஏழு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையைத் தூக்கியெறிந்துவிட்டு இலைக் கஷாயம் குடித்தார். பத்தாம் நாள் சர்க்கரை ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் சுருண்டு விழுந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கதறினாள் மெகராஜ். கதறி முடித்ததும் யோசித்தாள். எந்த இலையுமே தோற்காமல் அதென்ன பரிசோதனை? வடிதாள் தீர்ந்துபோனதால், சாறு வடிகட்ட வீட்டுத் தறியிலிருந்து பேண்டேஜ் துணியை வெட்டிக் கொடுத்தது அவள்தானே! நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு நெய்த, அலசாத துணி! கஞ்சியும் மாவுதானே!

மறுநாள் அந்தத் துணியில் வெறும் வெந்நீரை ஊற்றி வடித்தாள். அயோடின் விட்டாள். நீலம்.

“சார், இது இலையில்ல. எங்க தறிக் கஞ்சி. எச்சில் தின்னு தீர்க்க முடியாத அளவுக்கு மாவு.”

சோலைராஜின் முகம் கறுத்தது. “திங்கக்கிழமை மதுரையில கட்டுரை வாசிக்கணும்மா. செத்த நேரம் வாயை மூடிக்கிட்டு இரு. குழாய் கழுவுற வேலையைப் பாரு.”

“குழாய் கழுவுறவளுக்குத்தான் சார் அழுக்கு தெரியும். எங்க வீட்டு ஆளு பொழச்சாச்சு. நீங்க வாசிக்கிறதை நம்பி இன்னும் எம்புட்டு பேரு மாத்திரைய எறிவாங்க?”

“துணி கொடுத்தது நீதான். வேலை போயிரும், தெரியும்ல?”

“போகட்டும். தப்பு என்னுதுன்னு முதல்வர் ரூம்ல நானே சொல்லுதேன். நீங்க வாரீகளா, நான் மட்டும் போகவா?”

அவர் நாற்காலியில் சரிந்தார். பிறகு வடிதாள் வாங்க ஆள் அனுப்பினார்.

புது வடிதாளில் வடித்துச் சோதித்தபோது பதினொரு குழாயில் நீலம் ஓடிப்போனது. ஒன்றில் மட்டும் நின்றது. சோலைராஜ் கண்கலங்கிப்போய் அந்த இலையை நீட்டினார். “இது நிசம் மெகராஜ்! உன் வீட்டுக்காரருக்குக் கொண்டு போ.”

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கண்ணாடிக் குழாய்க்கு வயிறு இருக்கா சார்? முழுசா சோதிச்சுச் சொல்லுங்க. அதுவரைக்கும் அவிய மாத்திரைதான் தின்பாக.”