பாஸ்கருக்கு பி.எச்.பி., யோகாவுக்குப் பைத்தான்

மென்பொருள் தொழிலில் புரோகிராம் எழுத ஆகும் நேரத்தைவிட, அதை எந்த மொழியில் எழுதுவது என்று சண்டை போட ஆகும் நேரம்தான் அதிகம். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முத்தியால்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் எங்கள் கம்பெனி. நானும் பாஸ்கரும் சேர்ந்து ஆரம்பித்தது. கடைகளுக்கும் சின்னப் பட்டறைகளுக்கும் பில் போட, சரக்கு இருப்பு பார்க்கப் புரோகிராம் எழுதித் தருகிறோம். பாஸ்கர் இத்தனை வருடமும் எழுதியது பி.எச்.பி.யில். போன வருடம் வந்து சேர்ந்த யோகாவுக்குப் பைத்தான். இருவருக்கும் நடுவில் நான்.

எந்த லாங்குவேஜ் வேணும்?

தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் பட்டறைக்காரர் ஒருவர், ஸ்டாக் பார்க்க சாஃப்ட்வேர் கேட்டு வந்தார். "எந்த லாங்குவேஜ்ல பண்றதுன்னு முதல்ல பேசிடலாம் சார்" என்று யோகா வாயை விட்டுவிட்டாள். அவ்வளவுதான், பாஸ்கர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பி.எச்.பி. என்றால் எந்த சர்வரிலும் ஓடும், வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியது, பயமே வேண்டாம் என்றார். யோகா விடவில்லை. பைத்தானில் பாதி வரியில் வேலை முடியும், நாளைக்கு எதைச் சேர்க்கச் சொன்னாலும் சேர்க்கலாம் என்றாள்.

வந்தவர் நல்ல மனிதர். இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி முழுதும் கேட்டார். டீயையும் குடித்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "தமிழ்லயே பண்ணிடுங்கம்மா. ஸ்டோர்ல இருக்கறவருக்கு வேற லாங்குவேஜ் வராது."

பித்தோன்

எங்கள் கட்டடத்தின் சொந்தக்காரர் பின்கட்டில் இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். தெருவுக்கே அவர் முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா. ஒரு மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நேரம், மேலே வழக்கமான சண்டை. பாஸ்கர் குரல் உச்சத்தில் இருந்தது. "பைத்தானை ஒரு தடவ உள்ள விட்டா அப்புறம் வெளிய தள்ள முடியாது, சொல்லிட்டேன்!"

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம். பார்த்தால் முசியே, கையில் கொடிக்கம்போடு நிற்கிறார். "எங்க? பித்தோன் எங்க?" அவர் படித்த பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு மலைப்பாம்பு என்று ஒரே பொருள்தான். கம்ப்யூட்டருக்கு எழுதும் மொழியின் பெயர் அது என்று நான் விளக்கினேன். நம்பியதாகத் தலையாட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு கம்பைத் தாழ்த்தினார்: "பாம்பு இல்லன்னா எதுக்கும்மா இவ்ளோ கத்துறீங்க?"

பாஸ்கர் பேசாமல் வந்த நாள்

பிள்ளைச்சாவடியில் கலைமணி என்று ஒருவர். படகிலிருந்து மீன் வாங்கி டவுனில் வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் அனுப்புகிறவர். அன்றன்றைக்கு என்ன மீன் வந்தது என்று வாடிக்கையாளர்களின் போனுக்குக் காலையிலேயே செய்தி போக வேண்டும், அவர்கள் அதிலேயே ஆர்டர் தர வேண்டும் என்று கேட்டார். நாங்கள் அதுவரை செய்தவற்றில் பெரிய வேலை. மூவரும் போய்ப் பேசினோம். எல்லாம் கேட்டபின், இதைப் பைத்தானில் செய்யலாம் என்று அங்கேயே முடிவு சொன்னேன். பாஸ்கர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுவே சரியாகப் படவில்லை.

யோகா அங்கிருந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் பாஸ்கரும் வழியில் டீக்கு நின்றோம். அவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "என்ன பாஸ்கர்?" என்றேன். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கப்பா மில்லுல தறி ஓட்டுனவரு உமா. மில்ல மூடுனப்புறம் அந்த வேலைக்கு அவர யாரும் கூப்புடல. இப்ப என் முறையோன்னு தோணுது."

யோகா சொன்னது

மறுநாள் பாஸ்கர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. முடிவை மாற்ற எனக்கு மனமில்லை. அவர் இல்லாமல் இந்தக் கம்பெனியை நடத்தும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை என்பதை அவரிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. டீக்கடையில் அவர் சொன்னதை யோகாவிடம் சொன்னேன். அவள் உடனே வண்டிச் சாவியை எடுத்தாள். நானும் ஏறிக்கொண்டேன்.

பாஸ்கர் வீட்டு வாசலில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க இல்லாம இந்த வேலைய எடுக்க மாட்டேன்" என்று நான் நேரடியாகச் சொன்னேன். "எனக்குத்தான் பைத்தான் தெரியாதே" என்றார் அவர். யோகா அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது. "அண்ணே, நான் பைத்தான்தான் வேணும்னு அடம் புடிச்சதே, எனக்கு பி.எச்.பி. தெரியாதுன்னுதான்."

கலைமணியின் திட்டு

அதற்குப் பிறகு இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதினார்கள். அவள் சொல்லிக் கொடுத்தாள், அவர் முணுமுணுத்துக்கொண்டே பழகினார். பி.எச்.பி.க்கு வேண்டிய, பைத்தானுக்கு வேண்டாத அரைப்புள்ளியை வரி முடிவில் வைக்காவிட்டால் அவருக்குக் கை அரித்தது.

புரோகிராமை ஓடவிட்டு, பார்த்துக்கொள்ள பாஸ்கர் மட்டும் பிள்ளைச்சாவடிக்குப் போனார். அன்று கரைக்கு வந்தது சங்கரா. செய்தி போனதோ வஞ்சிரம் என்று. ஆர்டர்கள் குவிந்துவிட்டன. கலைமணி போட்ட சத்தம் பாஸ்கரின் போன் வழியாக அலுவலகத்தில் எங்களுக்கும் கேட்டது. "நீ கிளம்பு" என்றேன் யோகாவிடம். "போக மாட்டேன்க்கா, அண்ணனே பாத்துப்பாரு" என்றாள். சொல்லிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சோதனைக்குப் போட்ட பட்டியல் அழியாமல் இருந்ததுதான் கோளாறு. பாஸ்கர் அதை அங்கேயே கண்டுபிடித்து, பைத்தானிலேயே திருத்தி, சரியான செய்தியையும் அனுப்பிவிட்டு, ஆர்டர் கொடுத்தவர்களிடம் தானே போனில் மன்னிப்பும் கேட்டாராம்.

சாயங்காலம் கலைமணி என்னைக் கூப்பிட்டார். நான் திட்டுக்குத் தயாரானேன். "இனிமே எதுன்னாலும் அந்தண்ணனையே அனுப்பும்மா. நான் அவ்ளோ திட்டுறேன், மனுசன் வேலைய வுட்டுட்டுப் போவல."

இப்போது எங்கள் அலுவலகத்தில் பி.எச்.பி.யும் பைத்தானும் சண்டை போடுவதில்லை. போன மாதம் சேர்ந்தவர் எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம் என்கிறார், அவருக்கு எதிராக இரண்டும் ஒரே கட்சியாகிவிட்டன.