பச்சை விளக்குக்கு வைத்த பொட்டு

அம்பத்தூரில் நான் தையலுக்குப் போகும் கம்பெனிக்கு ஓர் எலக்ட்ரீஷியன் வருவார். ஒல்லி உடம்பு, சட்டைப்பையில் எப்போதும் டெஸ்டர். ஒரு ஆயுதபூஜைக்கு மெஷின்களோடு, வெளியேறும் வழி காட்டும் பச்சை விளக்குக்கும் சந்தனம் குங்குமம் அப்பினேன். மறுநாளே ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தார்.

"சாமிக்கு வெச்சத அழிக்கிறியே, நல்லாயிருப்பியா?" என்று கத்தினேன்.

"செவுத்துல வெச்சிக்கக்கா. அம்புக்குறி தெரியலன்னா எந்தப் பக்கம் ஓடுவ?"

அடுத்த மாதம் துணிக்கிடங்கில் தீப்பிடித்தது. கரண்ட் போய் ஹால் முழுக்கப் புகை. பேட்டரியில் எரிந்த அந்தப் பச்சை அம்பு மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்தே எல்லோரும் படியிறங்கினோம்.

காண்ட்ராக்ட் மாறியதால் இப்போது அவர் வருவதில்லை. பேர்கூடத் தெரியாது. இந்த ஆயுதபூஜைக்கு விளக்கை நானே துடைத்துவிட்டு, பொட்டைச் சுவரில் வைத்தேன். அது சாமிக்கா, அவருக்கா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.