மூன்றாம் மாடிக் கதவில் நான் கட்டிய ரோஸ் ரிப்பன்

பலேர்மோ போக எனக்கு ஒரே காரணம்தான் இருந்தது. கல்லூரி விடுதியில் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்த ஓர் அமெரிக்க நாவலாசிரியை. பெயரை எழுதப்போவதில்லை, பெயரைச் சொன்னால் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். எங்கள் வாசகிகள் குழுவில் அவரை 'அம்மையார்' என்போம். ஏப்ரலில் அலுவலக வேலையாக ரோம் போகவேண்டி வந்தது. இரண்டு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அம்மையார் ரொட்டிக்கடைக்காரரின் மகள். மூன்று பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, சமையலறை மேசையில் தட்டச்சு செய்து எழுதியவர். விமர்சகர்கள் அழுமூஞ்சிக் கதை என்று ஒதுக்கினார்கள். ரயில் நிலையக் கடைகளில் சுடச்சுட விற்றது. கணவர் இறந்தபின் ஒரு குளிர்காலத்தைக் கழிக்கப் பலேர்மோ வந்தவர், சாகும்வரை லிபெர்த்தா பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்துவிட்டார். அவருடைய கடைசி நாவலின் முடிவில், பிரிந்த காதலனின் கதவில் நாயகி ரோஸ் ரிப்பன் ஒன்றைக் கட்டிவிட்டுப் போவாள். திரும்பி வருவேன் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் எத்தனை முறை அழுதிருப்பேன்! அவர் இறந்தபின் அந்தக் கட்டடத்தின் தெருக்கேட்டில் வாசகர்கள் ரிப்பன் கட்டுகிறார்கள்.

விமான நிலையத்திலிருந்து ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற மத்திய ரயில் நிலையத்துக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஏழு யூரோவுக்குள் முடியும். நிலையத்துக்கு வெளியே 101 பேருந்து நிற்கும். டிக்கெட்டை முன்னாலேயே சிகரெட் கடையில் வாங்கிவிடுங்கள். மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசல் பிடுங்கி எடுத்துவிடும். ஒன்பதரைக்கு ஏறிப் பத்து மணிக்கு இறங்கினேன்.

கேட்டில் ஏழெட்டு ரிப்பன்கள் வெயிலில் வெளுத்துத் தொங்கின. எனக்கு அது போதவில்லை. ஊரே கட்டுகிற இடத்தில் கட்டினால் எனக்கென்ன பெருமை? யாரோ வெளியே வர, கேட் மூடுவதற்குள் உள்ளே நுழைந்து மூன்று மாடி ஏறினேன். தி.நகரில் வாங்கிய சாட்டின் ரிப்பனைக் கதவுப்பிடியில் பெரிய பூவாக முடிந்தேன். அவிழ்ந்துவிடக் கூடாதென்று இரட்டை முடிச்சு வேறு. படம் எடுத்து, 'நாவலில் உள்ளபடி, கதவிலேயே!' என்று குழுவில் போட்டேன். இதயங்களாகக் கொட்டின.

முதல் படி இறங்கும்போது, கையில் பயணப்பெட்டியோடு ஒரு வயதான பெண்மணி ஏறி வந்தார். ரிப்பனைப் பார்த்தார். முகம் மலர்ந்து, "அவுகூரி, அவுகூரி!" என்றார். அது வாழ்த்துச் சொல் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். இந்த ஊருக்கே அம்மையார்மேல் இத்தனை பாசமா என்று பூரித்துப்போய் நன்றி சொன்னேன். மேலே அழைப்புமணி அடித்தது.

கேட்டருகே வந்தபோது ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தார். இப்போது அந்த வீட்டில் இருக்கும் குடும்பத்திடம் வேலை செய்கிற யாழ்ப்பாணத்துச் சுகந்தி.

"அக்கா, நில்லுங்கோ. நீங்கள் தமிழோ? உந்த ரிப்பனை நீங்களோ கட்டினது?"

"ஆமாங்க" என்றேன், சிரித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டே!

"இஞ்சை பிள்ளை பிறந்தாத்தான் கதவிலை உப்பிடிக் கட்டுறவை. றோஸ் எண்டா பொம்பிளைப் பிள்ளை." அவர் குரல் இறங்கியது. "எங்கடை வீட்டுக்காரச் சிஞ்ஞோராவுக்குப் போன மாசம் பிள்ளை செத்துப் பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை. மேல் வீட்டு அம்மா ஊரிலை இல்லை, இப்பதான் வாறா. அவவுக்கு ஒண்டும் தெரியாது. சிஞ்ஞோராவைக் கட்டிப்பிடிச்சு, பிள்ளை எங்கை எண்டு கேட்டிட்டா."

நான் படியேறத் திரும்பினேன். "நான் வந்து மன்னிப்புக் கேட்கிறேன்."

"வேண்டாம் அக்கா. நீங்கள் ஆரெண்டு சொல்லுறது? புத்தகத்திலை இருந்ததெண்டோ?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குள் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். முப்பது வயதிருக்கும், சவரம் செய்யாத முகம். ரிப்பனை நீட்டினார். வெட்டவில்லை; என் இரட்டை முடிச்சை அவிழ்த்து, நீவி, சுருட்டியிருந்தார். "அழகாக இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடு என்று என் மனைவி சொன்னாள்" என்றார் ஆங்கிலத்தில். ஸாரி என்றேன். அந்தச் சொல் எனக்கே கேட்கவில்லை. அவர் தெருவே பார்க்க என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அங்கிருந்து கபோ சந்தைக்கு நடந்தேன். கடலைமாவு வடை வைத்த பன் அங்கே நன்றாக இருக்கும் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். வாங்கி, பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அம்மையார் இந்த ஊரில் ஏதோ ஒரு கதவில் அப்படியொரு பூவைப் பார்த்திருப்பார். அது என்னவென்று கேட்டாரோ இல்லையோ, அவருக்கு ஒரு நாவல் கிடைத்தது. பதினோரு முறை அதைப் படித்த நானும் யாரையும் கேட்கவில்லை. என் தவறுக்கு அவர்மேல் பழிபோடுவதும் அசிங்கம்தான். அந்தக் கதவுவரை ஏறியது என் கால்.

படத்தை அழித்துவிட்டேன். அதற்குள் இருவர் பகிர்ந்திருந்தார்கள். மிலானில் படிக்கும் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: "அக்கா, சனிக்கிழமை நான் அங்க இருப்பேன். கட்டட நம்பர் சொல்லுங்க, நானும் கதவுலயே கட்டிடறேன்." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். இந்தக் கட்டுரையும் அதற்காகத்தான்.

நீங்கள் போவதானால் மே மாதத்துக்கு முன் போங்கள். வசதியான செருப்பு அவசியம். அம்மையாரை நினைத்தால் லிபெர்த்தாவில் ஒரு காப்பி குடித்து அவருடைய ஒரு அத்தியாயத்தைப் படியுங்கள். ரிப்பன் வேண்டாம்.

அந்தப் பெண் பதில் போட்டாள்: "ஐயோ பாவம்! சரிக்கா, அப்ப கேட்லயே கட்டிடறேன்."

கேட்டிலும் வேண்டாம், கண்ணு. அந்தத் தாய் தினமும் அந்தக் கேட்டைத் திறந்துதான் வெளியே போகவேண்டும்.