ருக்கியா கேட்காமல் கொடுத்த டின்

வேலந்தாவளம் ஆயில் கடை ருக்கியா ஜாதகம் பார்க்காமல் எண்ணெய் விற்கமாட்டார் என்று மாட்டுச் சந்தையில் ஒரு பேச்சு உண்டு. வடகரப்பதிக்காரர் யாரோ சொன்னாராம். அவருக்கு அவர் மச்சான் சொன்னாராம். ஜாதகம் என்றால் வண்டியின் ஜாதகம். பெட்ரோலா டீசலா, டர்போ உண்டா, மலை ஏறுமா, ஓட்டுவது அப்பனா மகனா? பெண் பார்க்க வந்தவர்கள்கூட இப்படிக் குடைவதில்லை.

பேச்சு பொய்யில்லை. "கெட்டியா இருக்கிறதாக் குடுங்க" என்று யாராவது கேட்டால் போதும், ருக்கியாவுக்குச் சுருக்கென்று வந்துவிடும். மேஜைமேல் எப்போதும் இரண்டு சீசாக்கள். ஒன்றில் டிராக்டர் எண்ணெய். மற்றதில் டர்போ பெட்ரோல் கார்களுக்கான மெல்லிய எண்ணெய். இரண்டையும் சேர்த்துக் கவிழ்ப்பார். ஒன்று சரசரவென்று ஓடி மூடியைத் தொடும். மற்றது பாகுபோல் யோசித்து யோசித்து இறங்கும்.

"டர்போங்கிறது குட்டிக் காத்தாடிங்க. பம்பரமாச் சுத்தும். கெட்டி எண்ணெய் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள அது காஞ்சு நிக்கும்."

"தண்ணியாட்ட இருக்குதுங்களே அக்கா?"

"கெட்டியாப் பாத்து வாங்க இதென்ன எருமைப் பாலா?"

அதோடு விடமாட்டார். காரோடு வந்த புத்தகத்தில் என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லி, வந்தவரை வீட்டுக்கே திருப்பி அனுப்புவார். டின்னின் பின்புறம், எண்ணெயின் தரத்தைக் குறிக்கும் 'எஸ்.பி.' என்ற இரண்டு ஆங்கில எழுத்தை நகத்தால் தட்டிக் காட்டுவார். "டைரக்ட் இஞ்செக்‌ஷன் எஞ்சினுக்கு இது வேணுங்க. இல்லாட்டி உள்ளுக்குள்ள முட்டி முட்டியே கெட்டுப்போகும்."

போன சந்தையன்று மாரப்பன் வந்தார். மாட்டுத் தரகர். அவருடைய டிராக்டருக்கு எந்த எண்ணெய் என்பது ருக்கியாவுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"நம்ம ஆயில் ஒண்ணு எடு அம்மிணி. எனக்கும் ஜாதகம் பாப்பியா?"

"உங்க ஜாதகந்தான் சந்தைக்கே தெரியுமேங்கண்ணா!"

சிரித்துக்கொண்டே டிராக்டர் டின்னை எடுத்துக் கொடுத்தார். மாரப்பன் போன சற்று நேரத்தில், பக்கத்து டீக்கடை முத்தாத்தாள் டீ கொண்டுவந்தார்.

"மாரப்பன் புதுக் காருல வந்தாரே, பாக்கலியா? செவப்பு. டர்போவாம், மீசையத் தடவிக்கிட்டுச் சொல்றாரு. ஆயில் கொறையுதுன்னு லைட் எரியுதாம். ஊட்டுக்குப் போய் ஊத்தீட்டு, குடும்பத்தோட மூணாறு கெளம்பறாராம், சம்மந்தி ஊட்டுக்கு."

ருக்கியாவின் கை டம்ளரோடு அப்படியே நின்றது.

"அல்லாவே! காருக்கா வாங்கீட்டுப் போனாரு?"

"ஏன், வெடிச்சிருமா?"

"அதெல்லாம் வெடிக்காதுங்கக்கா. மலையேறுறப்ப டர்போ டக்குனு நின்னா? பொம்பள, கொழந்தைகளோட நடுக்காட்டுல நிப்பாரு. எடுத்துக் குடுத்தது நான். ஒரு வார்த்தை கேட்டனா?"

போன் போட்டார். மணி அடித்தது, மாரப்பன் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார்.

சந்தை நாளில் ருக்கியா கடை சாத்தியதே இல்லை. இப்போது ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். "பாத்துக்குங்கக்கா, யாரு கேட்டாலும் எதையும் எடுத்துக் குடுத்துராதீங்க!" மெல்லிய எண்ணெய் டின்னை ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டார். கைகள் இரண்டும் ஹேண்டில்பாருக்கு வேண்டியிருந்ததால், மாரப்பன் நம்பரை இன்னொரு முறை போட்டு, போனை முக்காட்டுக்குள் காதோடு சேர்த்துச் செருகினார். மாட்டு வண்டிகளுக்கு நடுவே ஹாரன் அடித்தபடி, மாரப்பன் வீட்டுக்குப் போகும் வடகரப்பதி சாலையில் திரும்பியபோதும், முக்காட்டுக்குள் மணி அடித்துக்கொண்டேயிருந்தது.